மனைவி புலம்பலை எழுதியவர்

ஒஸ்லோவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அழுகிற வேலை சற்குணத்துடையது. மனைவிக்காக அழுவார், பிள்ளைகளுக்காக அழுவார், இன்னும் பல்லு முளைக்காத பேரப்பிள்ளைக்காகவும் அழுவார். எல்லாம் எழுத்தில்தான். யாழ்ப்பாணத்து வழக்கப்படி முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி அன்று வந்தவர்களுக்கெல்லாம் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதில் இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, திதி வெண்பா, அதற்குப் பின்னால் 'மனைவி புலம்பல்', 'மக்கள் புலம்பல்', 'மருமக்கள் புலம்பல்' என்று வரிசையாகப் பாட்டுகள் இருக்கும். மனைவியோ மக்களோ அதில் ஒரு வரியும் எழுதுவதில்லை என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எழுதியவரின் பெயரை யாரும் போடுவதில்லை. அவரும் கேட்பதில்லை. கேட்டால் புலம்பலுக்கு என்ன மரியாதை இருக்கிறது?

இந்த ஒரு இடத்தில்தான் சற்குணம் பெயர் கேட்காமல் இருந்தார். மற்ற இடங்களில் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மெலிந்த உருவம், அடர்ந்த மீசை, தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை, அம்மருட்டில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு. திருமண அழைப்பிதழில் தன் பெயரின் முதலெழுத்தைப் பிழையாகப் போட்டார்கள் என்று சொந்த மைத்துனரின் கலியாணத்துக்கே போகாமல் விட்டவர். மனைவி சிறிதேவி தனியாகப் போய், சாப்பிட்டுவிட்டு, இவருக்கும் பலகாரம் கட்டிக்கொண்டு வந்தாள். அதை அவர் மறுக்கவில்லை.

அவருக்கு உயிர் நண்பன் என்று ஒருவன் இருந்தான். பெயர் ஜெயரத்தினம். எண்பதுகளில் இருவரும் அகதிகளாக வந்து ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர்கள். ஓடுகிற இயந்திரப் பட்டையின் மேல் மீன் வர வர, ஜெயரத்தினம் 'தானனா தானனா' என்று ஒரு மெட்டை முனகுவான். கத்தி ஓடிக்கொண்டிருக்க, சற்குணம் அதற்குள் சொல்லைக் கோத்துவிடுவார். இரண்டு பேரும் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்த பிறகு 'துருவராகம்' என்று ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். ஜெயரத்தினம் பாடுவான், கீபோர்ட் வாசிப்பான். சற்குணம் தபேலா. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று அவர்கள் போகாத மண்டபம் இல்லை. சனம் கைதட்டியது பாடியவனைப் பார்த்துத்தான். தபேலாக்காரர்தான் சொல்லையெல்லாம் கட்டியவர் என்று நினைக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

2001இல் குழுவின் பாட்டுகள் அடங்கிய ஒரே இறுவட்டு வெளிவந்தது. அட்டையில் 'பாடல், இசை: ஜெயரத்தினம்' என்று இருந்தது. அச்சடித்தவன் விட்ட பிழை என்றான் ஜெயரத்தினம். இரண்டாம் பதிப்பு வந்தது. பிழை அப்படியே இருந்தது. அன்றோடு சற்குணம் தபேலாவைத் துணியால் சுற்றி அலுமாரியின் மேல் தூக்கி வைத்தார். ஒரே நகரத்தில், ஒரே கோயிலில், முகத்துக்கு முகம் பார்த்தாலும் இருவரும் மூச்சுக் காட்டவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில், காரை மூடிய பனியைத் தள்ளிக்கொண்டிருந்த ஜெயரத்தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பிறகு எழும்பவில்லை.

சற்குணம் செத்தவீட்டுக்குப் போகவில்லை. வேலை என்று சொன்னார். ஆனால் ஜெயரத்தினத்தின் மனைவி யோகராணி தொலைபேசி எடுத்து, "அண்ணை, கல்வெட்டு நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்று கேட்டபோது அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் குசினி மேசையில் இருந்து ஒரே மூச்சில் எழுதி, மற்றக் கல்வெட்டுகளைப்போலவே கொடுத்தார். அதைத் திரும்பப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவும் பழைய கதை. புதிய கதை 2008 வசந்தத்தில், சிறிதேவி வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, தமிழ் வானொலியில் தொடங்கியது. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த கீர்த்தனன் என்ற இளைஞன் 'அரைத்தாளம்' என்று ஒரு முழுநீளப் படம் எடுத்திருக்கிறான், சிரிக்கவும் வைக்கும், அழவும் வைக்கும், இதோ அதிலிருந்து ஒரு பாட்டு என்றார் அறிவிப்பாளர்.

"பாதியிலே எழுந்துபோனீர், பாட்டின்னும் முடியவில்லை..."

சற்குணத்தின் கை தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றது. அடுத்த வரி வாய்க்குள் தானாக வந்தது. வானொலியும் அதையே பாடியது: "மீதியைநான் யாரிடத்தில் மெட்டமைக்கக் கேட்பேனோ?"

பாட்டு வரிகளை எழுதியவர் மறைந்த கலைஞர் ஜெயரத்தினத்தின் துணைவியார் யோகராணி என்றும், இணையத்தில் வந்த இந்தப் பாட்டை லண்டனிலும் ரொறொன்ரோவிலும் கேட்டு அழாத ஆள் இல்லை என்றும், போன கிழமைதான் மகளிர் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்றும் அறிவிப்பாளர் பாட்டுக்கு நடுவிலேயே சொல்லிக்கொண்டு போனார். சற்குணம் எட்டி வானொலியை நிறுத்தினார்.

"புருசன் எடுத்தது காணாதெண்டு பெண்சாதியும் தொடங்கியிட்டா" என்றார்.

சிறிதேவி அடுப்பைத் தணித்தாள். "இஞ்சாருங்கோ, அது கல்வெட்டுப் பாட்டு. கல்வெட்டிலை எப்பவெண்டாலும் உங்கடை பேர் வந்ததோ?"

"கல்வெட்டிலை வரவேண்டாம். படத்திலை வரவேணும். பொன்னாடை போத்தினவங்களாம்."

அது மட்டுமென்றால் பரவாயில்லை. படத்தின் கதை என்ன என்று திங்கட்கிழமையே வேலையிடத்தில், முன்னோட்டம் பார்த்த ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு பாடகனும் ஒரு தபேலாக்காரனும் பாட்டு யாருடையது என்று சண்டை பிடித்துப் பிரிவதுதான் கதையாம். தபேலாக்காரனுக்கு அடர்ந்த மீசையாம். சற்குணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டையையும் எடுத்து, மீசையையும் எடுத்து, பாட்டையும் எடுத்தவன், பெயரை மட்டும் விட்டுவிட்டான்.

கீர்த்தனனை மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடைக்கு வரச்சொன்னார். பெடியன் நேரத்துக்கு வந்தான், மரியாதையாக எழும்பி நின்றான். அதுவே சற்குணத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டவேண்டிய ஆள் நல்லவனாக இருந்தால் வாய் எப்படி வரும்?

"தம்பி, அந்தப் பாட்டு என்ரை."

கீர்த்தனன் விழித்தான். "அங்கிள், அந்தக் கல்வெட்டிலை மேலை 'மனைவி புலம்பல்' எண்டு பெரிசாப் போட்டிருக்கு. கீழை பாட்டு இருக்கு. வேறை ஆர் எழுதினதெண்டு நான் நினைக்கிறது?"

"அடுத்த பக்கத்திலை 'மக்கள் புலம்பல்' எண்டும் இருக்கு, பாத்தனீரோ? ஜெயரத்தினத்தின்ரை மகனுக்குத் தன்ரை பேரையே தமிழிலை எழுதத் தெரியாது. அவன் விருத்தத்திலை புலம்பினவன் எண்டு நினைச்சீரோ?"

"ஓம்" என்றான் கீர்த்தனன். "உன்ரை தமிழ் நல்லாயிருக்கு எண்டு அவனுக்கு மெசேஜ்கூட அனுப்பினனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

"நோர்வே மொழியிலை 'தக்' எண்டு நன்றி சொன்னவன்."

வேறொரு நாளென்றால் சற்குணம் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். கல்வெட்டின் வழக்கத்தை அவர் விளக்க விளக்க, பெடியனின் முகம் வெளிறியது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆனால் அவன் ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றான்.

"நான் கேக்காமல் போடேல்லை அங்கிள். யோகராணி அன்ரி வீட்டுக்கு நேரிலை போனனான். பாட்டை வாசிச்சுக்காட்டி, இது நீங்கள் எழுதினதோ எண்டு கேட்டனான். அவ ஓம் எண்டவ. இப்ப நான் உங்கடை சொல்லை நம்புறதோ, அவவின்ரை சொல்லை நம்புறதோ? ஞாயிற்றுக்கிழமை தியேட்டரிலை முதல் காட்சி. அவ இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் நான் பேரை மாத்திறன்."

ஆக, எல்லாம் யோகராணியின் ஒரு சொல்லில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சற்குணம் யோகராணியின் வீடு இருந்த ஹொல்ம்லியாவுக்கு ரயில் எடுத்தார். புறப்படும்போது சிறிதேவி வாசலில் நின்று சொன்னது வழியெல்லாம் காதில் குத்திக்கொண்டே வந்தது: "புருசனை இழந்தவளிட்டைப் போய் அவளின்ரை அழுகையிலை பங்கு கேக்கப் போறியள். நல்லாயிருக்கு."

யோகராணி சிறுவர் காப்பகத்தில் வேலை செய்கிறவள். அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள், சட்டையில் பிள்ளைகளின் நிறப்பூச்சு ஒட்டியிருந்தது. அவரைக் கண்டதும் எதற்கு வந்தார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இருக்கச் சொன்னாள், தேத்தண்ணி போட்டாள், எதிரே இருந்தாள். சுவரில் மாலை போட்ட படத்தில் ஜெயரத்தினம் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தான்.

"ஏன் தங்கச்சி ஓம் எண்டு சொன்னனீர்?" என்றார் சற்குணம். ரயிலில் ஒத்திகை பார்த்து வந்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் சட்டையில் காய்ந்திருந்த நிறப்பூச்சை நகத்தால் சுரண்டினாள்.

"அந்தப் பிள்ளை வாசிச்சுப்போட்டு, கண்ணெல்லாம் கலங்கி, 'அன்ரி, இவ்வளவு அன்போ' எண்டு கேட்டுது. இல்லை தம்பி, இது வேறை ஆள் எழுதித் தந்ததெண்டு சொல்லியிருக்க வேணும். எனக்கு வாய் வரேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் அழேல்லை அண்ணை. அவர் செத்த அண்டைக்கும் அழேல்லை, எரிச்ச அண்டைக்கும் அழேல்லை. வீட்டிலை அவர் என்னோடை கதைச்சது குறைவு. பாட்டு, கச்சேரி, சிநேகிதம். வந்தால் சாப்பாடு, நித்திரை. அழுகை வராட்டில் நான் என்ன செய்யிறது? சனம் என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது. என்ன பொம்பிளையெண்டு கதைக்கத் தொடங்கியிட்டுது. அந்தியேட்டி அண்டைக்கு உங்கடை பாட்டை வாசிச்சினம். எல்லாரும் அழுதினம். அதோடை என்னை விட்டிட்டினம். உள்ளுக்குள்ளை எவ்வளவு வைச்சிருந்திருக்கிறாள் பாவம் எண்டினம்."

சற்குணத்துக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் சுவரில் இருந்தவன் இன்னும் வாயைத் திறந்துகொண்டு பாடினான். அந்த வாயில் இருந்த சொல்லெல்லாம் தன்னுடையது என்ற நினைவு வந்ததும் பழைய கோபம் தலைக்கேறியது.

"அவன் பதினைஞ்சு வருசம் எடுத்தான். இப்ப நீரும் எடுக்கிறீர். என்ரை எண்டு எனக்கு ஒண்டுமே மிஞ்சக்கூடாதோ?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை நான் சபையிலை எழும்பிச் சொல்லத்தான் போறன். நீர் வராமல் இருந்தால் நல்லது."

தேத்தண்ணியைத் தொடாமல் வெளியே வந்தார். ரயிலில் இருக்கும்போதுதான், தான் சொன்னது எவ்வளவு கேவலமான சொல் என்று உறைத்தது. உறைத்ததே தவிர, திரும்பிப் போகவில்லை. அதுதான் சற்குணம்.

ஞாயிறு முற்பகல் நகரத்தின் நடுவில் வாடகைக்கு எடுத்த திரையரங்கு நிரம்பி வழிந்தது. பட்டுச் சேலைகள், கோட்டுகள், வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. சற்குணம் நடு வரிசையில் ஓரத்துக் கதிரையாகப் பார்த்து இருந்தார், எழும்ப வசதி. பக்கத்தில் சிறிதேவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். முன்வரிசையில், பெயர் எழுதி ஒட்டிய கதிரையில், யோகராணி வந்திருந்தாள். வரமாட்டாள் என்றல்லவா நினைத்திருந்தார்.

படம் தொடங்கியது. திரையில் மீசைக்காரத் தபேலாக்காரன் சின்னச் சின்னத்துக்கெல்லாம் தபேலாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். ஒவ்வொரு முறையும் சபை வெடித்துச் சிரித்தது, சிலர் திரும்பி இவரைப் பார்த்தும் சிரித்தார்கள். முதலெழுத்துப் பிழையென்று கலியாணத்துக்குப் போகாத கதையும் அதில் இருந்தது. சிறிதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீயுமா என்பதுபோல அவளைப் பார்த்தார். சொல்லவேண்டியதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்: இந்தப் பாட்டை எழுதினவன் நான், சாட்சிக்கு நான் எழுதின இருபது கல்வெட்டு இருக்கு.

பாடகன் செத்துப்போனான். சிரிப்பு அடங்கியது. பாட்டு எழுந்தது. வானொலியில் முதல் இரண்டு வரியோடு நிறுத்தியவர், இப்போதுதான் மற்ற வரிகளை நாலு வருடத்துக்குப் பிறகு கேட்டார்.

"கூப்பிட்டால் வருவமென்று கோபத்தில் இருந்துவிட்டேன்;
கூப்பிடவே இல்லைநீர், கூற்றுவனே கூப்பிட்டான்."

ஒரே வீட்டில், ஒரே குசினியில் இருந்த மனைவி எதற்குக் கூப்பிடும்வரை காத்திருக்கிறாள்? வாழ்நாளில் ஒரு வரி பாடாதவள் எதற்கு மிச்ச மெட்டைக் கேட்கிறாள்? சபை விம்மி விம்மி அழுதது. கோயிலில் ஒருநாள், பிரசாதம் வாங்கும் வரிசையில், ஜெயரத்தினம் திரும்பிச் சற்குணத்தைப் பார்த்து வாயெடுத்ததும், இவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பியதும் நினைவுக்கு வந்தன. அவருடைய கண்ணீர் மீசையில் இறங்கியது. துடைக்கவில்லை.

பெயர்கள் ஓடத் தொடங்கின. 'பாடல் வரிகள்: சற்குணம்' என்று வந்தது.

முதலில் அவருக்கு அது தன் பெயர் என்றே பிடிபடவில்லை. சிறிதேவி கையைப் பிடித்தாள். விளக்குகள் எரிந்தன, கீர்த்தனன் ஒலிவாங்கியோடு மேடைக்கு வந்தான்.

"ஒரு திருத்தம் சொல்லவேணும். இந்தப் பாட்டைத் தான் எழுதேல்லை, சற்குணம் அங்கிள்தான் எழுதினவர் எண்டு யோகராணி அன்ரியே நேற்று எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவ. பிழை என்ரை. அங்கிள், மேடைக்கு வாங்கோ."

கைதட்டல் எழுந்தது. அது முழுதாக எழும்ப முன்னமே அதற்குள்ளால் வேறொரு இரைச்சலும் எழுந்தது. கழுத்துகள் முன்வரிசைப் பக்கம் திரும்பின. சற்குணத்தின் பின்னால் ஒரு பெண் சொன்னாள்: "அப்ப பொன்னாடையை வாங்கிப் போத்தினது?" இன்னொருத்தி சொன்னாள்: "செத்தவீட்டிலையே கண் கலங்கேல்லை. நான் அப்பவே சொன்னனான்."

யோகராணி திரும்பவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்குணம் மேடைக்கு நடந்தார். யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். இறுவட்டு வெளிவந்த நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்: மேடை, பெயர், பொன்னாடை. எல்லாம் ஒருங்கே வந்துவிட்டது. ஒலிவாங்கி கையில் இருந்தது. எழுதினவன் நான் என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு இறங்கினால் போதும்.

"எழுதினவன் நான்தான்" என்றார். "ஆனால் தலைப்புப் பிழை. அது மனைவி புலம்பல் இல்லை."

கழுத்துகள் முன்வரிசையை விட்டு மேடைப் பக்கம் திரும்பின.

"நான் அவனோடை மூண்டு வருசம் கதைக்கேல்லை. ஒரு இறுவட்டு மட்டையிலை பேர் வரேல்லை எண்டு. செத்தவீட்டுக்கும் நான் வரேல்லை, வேலையெண்டு பொய் சொன்னனான். கோவிச்சுக்கொண்டு இருந்தவன் எந்த முகத்தோடை வந்து அழுறது? அப்பதான் யோகராணி கல்வெட்டு எழுதித் தாங்கோ எண்டு கேட்டவ. அவவின்ரை பேருக்குள்ளை ஒளிச்சு நிண்டு நான் அழுதனான். நீங்கள் கேட்டது முழுக்க என்ரை அழுகை." பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "அவ என்ரை பாட்டை எடுக்கேல்லை. நான்தான் அவவின்ரை பேரை எடுத்தனான். ஆரும் கதைக்கிறதெண்டால் என்னைக் கதையுங்கோ."

யாரும் கைதட்டவில்லை. கீர்த்தனன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். சற்குணம் படியால் இறங்கினார். நடு வரிசைக்குப் போகாமல் முன்வரிசையில் நின்றார். யோகராணி பக்கத்துக் கதிரையில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். அவர் அந்தக் கதிரையில் இருந்தார்.

பிறகு அவள் அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இதை அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாம் அண்ணை. ஒவ்வொரு முறையும் ஃபோன் அடிக்கேக்கை, நீங்களோ எண்டுதான் எழும்பி ஓடுறவர்."